ஸ்பெயின் சிப்பாய் தலையில் ஜெர்மன் ஹெல்மெட்: பழைய படைத்தொப்பிகள், பழைய விமானங்கள்

வாசகர் கேள்வி:
1960-களில் மாட்ரிட்டில் நடந்த ராணுவ அணிவகுப்புப் படம் ஒன்று பார்த்தேன். சிப்பாய்கள் எல்லார் தலையிலும் ஹிட்லர் படையின் ஹெல்மெட். போர் முடிந்து அதற்குள் இருபது வருடம் ஆகியிருக்குமே? படத்துக்குப் போட்ட தேதி தப்பா, இல்லை ஏதாவது சினிமா ஷூட்டிங்கா?

2024 செப்டம்பர் 7

தேதி சரி. ஷூட்டிங்கும் இல்லை. அந்த ஹெல்மெட் ஸ்பெயினிலேயே செய்தது, பெயர் மாடல் 42. ஜெர்மானியரின் 1935 மாடலைப் பார்த்து 1942-ல் அடித்தது. உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். காதுப்பக்கம் சற்று அதிகமாக விரிந்திருக்கும். நெற்றிக்கு நேரே படைப்பிரிவின் சின்னத்தைச் செருக ஒரு சிறு கொக்கி இருக்கும். ஜெர்மன் ஹெல்மெட்டில் அந்தக் கொக்கி கிடையாது.

1979-ல் அதையே கொஞ்சம் திருத்தி இன்னொரு சுற்று ஓட்டினார்கள். 1980-களில் கெவ்லார் என்ற செயற்கை இழை ஹெல்மெட் வந்த பிறகுதான் இரும்புக்கு ஓய்வு. பெர்லின் விழுந்து நாற்பது வருடம் வரை அந்த வடிவம் ஸ்பெயின்காரர்கள் தலையில் இருந்தது.

2024 செப்டம்பர் 7, இரவு

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அந்த நெற்றிக் கொக்கியை வெட்டி எடுத்து, ராவி, சாம்பல் பெயின்ட் அடித்து, ஜெர்மன் சின்னத்தை ஒட்டி "அசல் 1940" என்று விற்கிற வேலை உலகம் முழுக்க நடக்கிறது. நெற்றிப் பகுதியை உள்பக்கமிருந்து விரலால் தடவிப் பாருங்கள். நான் அப்படித் தடவாமல் வாங்கிய ஒன்று வீட்டில் செடித்தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. விற்றவர் பெயர் வேண்டாம்.

2024 செப்டம்பர் 9

இதற்கு முன்னால் என்ன போட்டார்கள் என்று கேட்டிருந்தார் ஒருவர். 1920-கள் வரை ஸ்பெயின் படைக்குச் சொந்தமான எஃகு ஹெல்மெட் கிடையாது. முதல் உலகப்போரில் அந்த நாடு சேரவில்லை, அதனால் மற்றவர்களுக்கு வந்த அவசரம் இவர்களுக்கு வரவில்லை. பிறகு அஸ்தூரியாஸ் மாகாணத்தில் திரூபியா பீரங்கி ஆலையில் செய்ய ஆரம்பித்தார்கள். விளிம்பு உள்ள மாதிரி ஒன்று, விளிம்பு இல்லாத மாதிரி ஒன்று.

1936-ல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் எல்லாம் கலந்துவிட்டது. குடியரசுத் தரப்புக்குப் பிரெஞ்சு அட்ரியான், செக்கோஸ்லோவாக்கியா ஹெல்மெட், சோவியத் ஹெல்மெட். குடியரசை எதிர்த்துக் கலகம் செய்த தளபதி ஃபிராங்கோவின் தரப்புக்கு ஜெர்மானியர்களின் முதல் உலகப்போர்க் காலப் பழைய சரக்கு, இத்தாலிய ஹெல்மெட். திரூபியா ஹெல்மெட் மட்டும் இரண்டு பக்கமும். ஒரே அகழியில் எடுத்த படத்தில் நான்கு நாட்டு ஹெல்மெட்டுகளைப் பார்க்கலாம். சின்ன அளவு பொம்மைச் சிப்பாய்களுக்குப் பெயின்ட் அடிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது சொர்க்கம். எதைப் போட்டாலும் யாரும் தப்பு சொல்ல முடியாது.

2024 செப்டம்பர் 12

ஹெல்மெட்டோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். விமானத்திலும் இதே கூத்து.

1942-ல் ஸ்பெயின் ஜெர்மனியிடம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர்விமானம் செய்ய உரிமம் வாங்கியது. செவில் நகரத்தில் இஸ்பானோ ஆலை. 25 விமானங்களுக்கு உடல்கூடுகள் வந்தன. எஞ்சின் வரவில்லை. ஜெர்மனிக்கே எஞ்சின் பற்றாத காலம் அது, இவர்களுக்கு எங்கே அனுப்புவது? போர் முடிந்ததும் அனுப்ப ஆளே இல்லை. முதலில் இஸ்பானோ-சுய்சா எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள், அவ்வளவாகச் சரிப்படவில்லை. கடைசியில் 1954-ல் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்துக்குப் பொருத்திய அதே குடும்பத்து எஞ்சின், அதன் பரம எதிரியின் மூக்கில்!

ஜெர்மன் எஞ்சின் தலைகீழாகத் தொங்கும். மெர்லின் நிமிர்ந்து நிற்கும். அதனால் மூக்கின் அடிப்பகுதி புடைத்துக்கொண்டது. தொண்டையை ஊதிக்கொள்ளும் ஒருவகைப் புறாவின் பெயரை, புச்சோன் என்று, விமானத்துக்கு வைத்துவிட்டார்கள். 1965 டிசம்பர் வரை பணியில் இருந்தது. ஜெட் யுகம் வந்து இருபது வருடம் கழித்து!

நம் அம்பாசிடர் மாதிரிதான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு இங்கிலாந்தில் செத்துப் பல வருடம் ஆன பிறகும் இங்கே ஓடியது, இசுசு எஞ்சினோடும் ஓடியது.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1935-ல் முதல் 109 பறந்ததும் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினில்தான், கெஸ்ட்ரல். ஜெர்மன் எஞ்சின் அப்போது தயாராகவில்லை.

2024 செப்டம்பர் 13

ஆமாம், சினிமாவும் உண்டு. 1969-ல் வெளியான பிரிட்டன் வான்போர்ப் படத்தில் வரும் "ஜெர்மன்" விமானங்கள் ஸ்பெயின் சரக்கு. ஹைன்கல் குண்டுவீச்சு விமானமும் அப்படித்தான், ஸ்பெயினின் காசா (CASA) நிறுவன ஆலையில் செய்த 2.111, அதிலும் மெர்லின். ஆக, திரையில் பறக்கும் ஜெர்மன் விமானம், ஆங்கிலேய விமானம் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒரே கம்பெனி எஞ்சின்தான். சத்தம் வைத்து அடையாளம் சொல்வேன் என்பவர்கள் இந்தப் படத்தில் முயற்சி செய்ய வேண்டாம்.

2024 செப்டம்பர் 18

"தொப்பிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம், ஏன் ஒரே இழையில் ஓட்டுகிறாய்" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். சம்பந்தம் 1936 ஜூலை, ஆகஸ்ட்.

ஃபிராங்கோவின் நல்ல படை எல்லாம் மொராக்கோவில். ஸ்பெயின் கடலுக்கு இந்தப் பக்கம். கப்பற்படை மாலுமிகள் பெரும்பாலும் குடியரசுப் பக்கம் நின்றுவிட்டார்கள், ஜலசந்தி அடைபட்டது. ஹிட்லர் 20 யுங்கர்ஸ் 52 போக்குவரத்து விமானங்களைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். மொராக்கோவின் தெத்துவானிலிருந்து செவிலுக்கு. பதினேழு பேர் உட்காரும் விமானத்தில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அதைப்போல் இரண்டு மடங்கு ஆட்களைத் தரையில் உட்கார வைத்து ஏற்றினார்கள். சில மாதத்தில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டினார்கள். படையை இவ்வளவு பெரிய அளவில் விமானத்தில் கொண்டுபோனது அதற்கு முன் எங்கும் நடந்ததில்லை.

சரி, அந்த விமானத்துக்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள்? லீஜன் என்ற அந்நியர் படைக்காரர்கள், ரெகுலாரெஸ் படையின் மொராக்கோ வீரர்கள். லீஜன் 1920-ல் மியான் அஸ்த்ராய் ஆரம்பித்தது. அவர்கள் தலையில் சாபிரி, மடித்துவைத்த படகு வடிவத் துணித்தொப்பி, முன்னே நெற்றியில் ஆடும் சிவப்புக் குஞ்சம். ரெகுலாரெஸ் 1911-லிருந்து இருக்கும் படை, அவர்களுக்குச் சிவப்பு தர்பூஷ், அதாவது துருக்கிக் குல்லாய். ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமான சேயுத்தா, மெலியா நகரங்களில் அந்தப் படை இன்றும் இருக்கிறது, விழா நாளில் தர்பூஷும் இருக்கிறது.

அந்த விமானத்தின் உள்ளே எடுத்ததாகச் சொல்லும் ஒரு படத்தை வைத்து நான் ஒரு மாடல் செய்ய ஆரம்பித்தேன். விமானம் முடிந்துவிட்டது. குஞ்சங்கள்தான் முடியவில்லை. ஒரு மில்லிமீட்டர் குஞ்சத்தை நூலில் செய்வதா, எபாக்சி களிமண்ணில் உருட்டுவதா என்பதிலேயே நிற்கிறேன்.

2024 செப்டம்பர் 19

குஞ்சம் வைத்த தொப்பி ஃபிராங்கோ பக்கத்துக்கு மட்டும் சொந்தம் என்று நேற்று நான் எழுதியதைப் படித்துச் சிலர் நினைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வகைத் தொப்பியின் பொதுப்பெயர் இசபெலினோ, 19-ஆம் நூற்றாண்டு ராணி இரண்டாம் இசபெல் பெயரால். குடியரசுப் படையும் அதே தொப்பிதான் போட்டது. அராஜகவாதிகள் பாதி சிவப்பு, பாதி கறுப்பாகத் தைத்துப் போட்டார்கள். ஒரே வெட்டு, நிறம் மட்டும் வேறு.

இதில் எனக்குப் பிடித்த முரண் இன்னொன்று. அந்த ராணி பட்டத்துக்கு வரக்கூடாது என்று 1833-லிருந்து சண்டை போட்டவர்கள் கார்லிஸ்ட்கள். அவர்களின் தளபதி சுமாலகாரெகி பாஸ்க் நாட்டுக்காரர், தலையில் பொய்னா, அதாவது பெரே தொப்பி. சிவப்பு பொய்னா கார்லிஸ்ட் அடையாளமாகவே ஆகிவிட்டது. நூறு வருடம் கழித்து 1936-ல், ராணி பெயர் கொண்ட தொப்பியும் ராணியை எதிர்த்த தொப்பியும் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டன.

1937 ஏப்ரலில் ஃபிராங்கோ ஒரே ஆணையில் ஃபலாஞ்ஜே என்ற பாசிசக் கட்சியையும் கார்லிஸ்ட்களையும் ஒரு கட்சியாக இணைத்தார். சீருடை: இவர்களின் நீலச்சட்டை, அவர்களின் சிவப்பு பொய்னா. இரண்டு பக்கமும் பிடிக்கவில்லை. பிடிக்காததுதான் நோக்கம் என்று எனக்குத் தோன்றும். கூட்டணி வைப்பவர்களைத் தொப்பியிலேயே அடக்கி வைக்கிற ஆள்.

2024 செப்டம்பர் 19, கொஞ்ச நேரம் கழித்து

விமானங்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர்களைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. சோவியத் ஐ-16: வைத்திருந்தவர்களுக்கு ஈ, எதிரிக்கு எலி. டோர்னியர் 17: கருவாட்டு மீன். மிதவை வைத்த ஹைன்கல் 59: பெரிய செருப்பு. ஹைன்கல் 111-க்கு மட்டும் வெறுமனே பேத்ரோ.

2024 செப்டம்பர் 25

ஃபிராங்கோவை கனாரித் தீவிலிருந்து மொராக்கோவுக்குக் கொண்டுவந்தது யுங்கர்ஸ் என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. டிராகன் ரபீட், ஆங்கிலேய வாடகை விமானம். 1936 ஜூலை 11 லண்டன் கிராய்டனிலிருந்து கிளம்பியது, பைலட் செசில் பெப். அதை ஏற்பாடு செய்ய உதவியவர்களில் ஒருவர் ஹுவான் தெ லா சியெர்வா, ஆட்டோகைரோ கண்டுபிடித்தவர். அதே வருடம் டிசம்பரில் அதே கிராய்டனில் ஒரு பயணி விமானம் விழுந்து செத்துப்போனார்.

அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மனிதர் மூளையைப் பற்றிப் பேசாமல் இந்த இழையை முடிக்க முடியாது. மேலே சுற்றும் இறக்கைகளை எஞ்சின் சுற்றாது, முன்னே போகும்போது காற்றே சுற்றும். அதுதான் ஆட்டோகைரோ. முதல் சில மாதிரிகள் எழும்பப் பார்த்ததுமே பக்கவாட்டில் கவிழ்ந்தன. காரணம்: விமானம் முன்னே போகும்போது, முன்னோக்கிச் சுற்றிவரும் இறக்கைக்குக் காற்று வேகம் அதிகம், பின்னோக்கிப் போகும் இறக்கைக்குக் குறைவு. ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் தாழும். அவர் செய்தது ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் ஒரு கீல். அதிகம் தூக்குவிசை பெறும் இறக்கை தானாக மேலே மடிந்துகொள்ளும், தூக்குவிசை சமமாகிவிடும். 1923 ஜனவரியில் சி.4 பறந்தது. 1928-ல் அவரே ஒன்றை ஓட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாய் தாண்டினார். பிறகு வந்த ஹெலிகாப்டர்கள் இந்தக் கீலிலிருந்துதான் நடக்கக் கற்றுக்கொண்டன.

1934 மார்ச்சில் வாலென்சியாவுக்கு அருகே தெதாலோ என்ற கடல்விமானக் கப்பலின் மேல் ஆட்டோகைரோவை இறக்கிக் காட்டினார். சுற்றும் இறக்கை கொண்ட ஒன்று கப்பலில் இறங்கியது அது முதல் தடவை இல்லை, 1931-லேயே அமெரிக்கர்கள் செய்திருந்தார்கள். தெதாலோவோ பழைய ஜெர்மன் சரக்குக் கப்பல். பாருங்கள், மறுபடி ஜெர்மன்.

2024 அக்டோபர் 2

ஃபிராங்கோவின் தம்பி ரமோன் பற்றிக் கேட்டார்கள். இவர் விமானி, அண்ணனைவிட முதலில் புகழ்பெற்றவர் இவர்தான். 1926-ல் பிளஸ் அல்ட்ரா என்ற டோர்னியர் கடல்விமானத்தில் பாலோஸிலிருந்து கிளம்பி, பல இடங்களில் இறங்கி, பியூனஸ் ஐரஸ் போய்ச் சேர்ந்தார். கொலம்பஸ் கப்பல் எடுத்த துறைமுகம்தான் பாலோஸ், சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அந்த விமானம் இன்றும் அர்ஜென்டினாவில் லுஹான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1930 டிசம்பரில் இதே ரமோன் மன்னராட்சிக்கு எதிராகக் கிளம்பிய கலகத்தில் சேர்ந்து, குவாத்ரோ வியெந்தோஸ் தளத்திலிருந்து விமானம் எடுத்து அரண்மனைமேல் குண்டு போடப் போனார். கீழே குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டுக் குண்டு போடாமல் துண்டுப்பிரசுரம் மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினாராம். 1936-ல் என்ன செய்தார்? அண்ணன் பக்கம் போய்விட்டார். 1938-ல் மயோர்க்காவுக்கு அருகே கடலில் விழுந்து இறந்தார்.

2024 அக்டோபர் 11

ஹெல்மெட் கேள்வி கேட்டவர் தனியாகக் கேட்டது: "1950-களில் அமெரிக்கா ஸ்பெயினுக்கு ஆயுதம் கொடுத்ததே, பிறகு ஏன் பழைய ஜெர்மன் சரக்கு?"

நல்ல கேள்வி. 1953-ல் ஒப்பந்தம், 1955-லிருந்து சேபர் ஜெட் விமானங்கள் வந்தன. 1957 நவம்பரில் மொராக்கோக் கரையில் இருந்த இஃப்னி என்ற சிறு ஸ்பானியப் பகுதியில் சண்டை தொடங்கியது. அப்போது அமெரிக்கா கையை விரித்தது: நாங்கள் கொடுத்த ஆயுதத்தை இந்தக் காலனிச் சண்டைக்கு எடுக்கக் கூடாது. ஜெட்டுகள் ஓடுதளத்தில் நின்றன. பழைய ஹைன்கல்லும் யுங்கர்ஸும்தான் கிளம்பின. ஸ்பெயின் பாராசூட் படை போரில் முதன்முறையாகக் குதித்ததும் அங்கேதான், தில்யுயின் என்ற காவல்நிலையத்தை மீட்க 75 பேர், அந்த யுங்கர்ஸிலிருந்து.

ஆக, பழைய சரக்கை வைத்திருந்தது வெறும் ஏழ்மை என்று சொல்லிவிட முடியாது. வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத விமானம் அது ஒன்றுதான். கொடுத்த ஆட்சியே இல்லாமல் போயிருந்தது, "பயன்படுத்தாதே" என்று சொல்ல அந்தப் பக்கம் ஆள் கிடையாது. அதனால்தான் செப்டம்பர் 12-ஆம் தேதிக் குறிப்பில் புச்சோனைக் கிண்டல் செய்தது கொஞ்சம் அதிகப்படி என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் சண்டை வென்றும் என்ன? 1969-ல் இஃப்னியை மொராக்கோவிடம் ஒப்படைத்தார்கள்.

2024 அக்டோபர் 20

இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு இடம். தொப்பிக்குத் தொலேதோ, அல்காஸார் கோட்டையில் இருக்கும் ராணுவ அருங்காட்சியகம். விமானத்துக்கு மாட்ரிட் வெளிப்புறத்தில் குவாத்ரோ வியெந்தோஸ், 1911-லிருந்து இருக்கும் ராணுவ விமானத்தளம், பக்கத்திலேயே அருங்காட்சியகம். வேலை விஷயமாக மாட்ரிட் போனபோது எட்டிப் பார்த்தேன். புச்சோன், காசா ஹைன்கல், காசா யுங்கர்ஸ், எல்லாம் நிற்கின்றன. ஃபிராங்கோவை ஏற்றிய டிராகன் ரபீட்டும் இருக்கிறது. மரமும் துணியும்தான் அது. இவ்வளவு சின்ன ஒன்று இவ்வளவு பெரிய நாசத்தைத் தொடங்கிவைத்ததா என்று தோன்றியது. பிறகு பசி எடுத்தது. அருகில் சாப்பாட்டுக் கடை குறைவு, கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

2024 அக்டோபர் 21

ஸ்பெயின் படைத்தலைவர் கோர்த்தேஸ் 1521-ல் மெக்சிகோவைப் பிடித்தபோது படகு மாதிரி வளைந்த, நடுவில் கொண்டை வைத்த ஹெல்மெட் போட்டிருந்தார் என்று ஒருவர் படத்தோடு போட்டிருக்கிறார். அது மொரியோன். பரவியது 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோர்த்தேஸின் சண்டை முடிந்து ஒரு தலைமுறை கழித்து. அவருடைய ஆட்கள் போட்டவை அதற்கு முந்தைய வகைகள், பலருக்கு அதுவும் இல்லை. உடம்புக்கோ, மெக்சிகோக்காரர்களின் பஞ்சு வைத்துத் தைத்த கவசத்தையே பலர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இரும்பைவிட அந்த வெயிலுக்கு அதுதான் சரி.

படம் வரைபவர்கள் பிற்காலத்தில் மொரியோனை வைத்துவிட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு உயிரோடு மொரியோன் பார்க்க வேண்டுமென்றால் ஸ்பெயினுக்குப் போக வேண்டாம், வாத்திகன் போங்கள். சுவிஸ் காவலர்கள் விழா நாளில் போடுவது அதுதான்.

2024 நவம்பர் 3

திரிகோர்னியோ. இதை இவ்வளவு நாள் விட்டுவைத்ததற்குத் திட்டு விழுந்தது.

குவார்தியா சிவில் 1844-ல் அகுமாதா பிரபு அமைத்த காவல்படை. நாட்டுப்புறச் சாலைகளில் கொள்ளைக்காரர்களை ஒடுக்க வந்தது, ராணுவக் கட்டுப்பாடு கொண்டது. மூன்று முனைத் தொப்பி அப்போதே இருந்தது. மழைக்காகப் போட்ட பளபளப்பான கறுப்பு உறை காலப்போக்கில் தொப்பியாகவே ஆகிவிட்டது. பின்பக்கம் தட்டையாக இருப்பது சுவரில் சாய்ந்து தூங்குவதற்கு என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. ஏழை விவசாயிக்கும் ஜிப்சிக்கும் அந்தப் பளபளப்பு தூரத்தில் தெரிந்தாலே வயிறு கலங்கும், அது கிண்டல் இல்லை.

1981 பிப்ரவரி 23. தெஹேரோ என்ற லெப்டினன்ட் கர்னல் தலையில் இந்தத் தொப்பி, கையில் துப்பாக்கியோடு நாடாளுமன்ற மேடையில் ஏறினார். ஆட்கள் கூரையில் சுட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கலகம் முடிந்துவிட்டது, கூரையில் தோட்டா ஓட்டைகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். உலகத்தில் பாதிப் பேருக்கு ஸ்பெயின் தொப்பி என்றாலே அந்தப் படம்தான். இப்போது அன்றாட ரோந்தில் சாதாரணக் குல்லாய்தான், திரிகோர்னியோ விழாவுக்கும் வாசல் காவலுக்கும்.

பெயின்ட் அடிப்பவர்களுக்கு: வெறும் கிளாஸ் பிளாக் அடித்தால் பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும். மேட் பிளாக், அதன்மேல் விளிம்புகளில் மெல்லிய நீலச்சாம்பல் கோடு, கடைசியில் கிளாஸ் வார்னிஷ். பரவாயில்லாமல் வரும்.

2024 நவம்பர் 10

ரோஸ் என்ற தொப்பியை மறந்துவிட்டோம் என்றார் ஒருவர். குட்டையான, முன்னே சாய்ந்த ஷாக்கோ, அதாவது உருளை வடிவ ராணுவத் தொப்பி. 1855-ல் ஜெனரல் அந்தோனியோ ரோஸ் தெ ஒலானோ கொண்டுவந்தது, அவர் பெயரே நின்றுவிட்டது. கராகஸில் பிறந்தவர், எழுத்தாளரும்கூட. 1859-60 மொராக்கோப் போரில் ஒரு படைப்பிரிவை நடத்தினார். எழுதியதை யார் படிக்கிறார்கள், தொப்பியைத்தான் போடுகிறார்கள்.

2024 நவம்பர் 16

இதைத் தனியாக எழுத வேண்டும் என்றிருந்தேன்.

நாம் பழைய படங்களில் பார்க்கும் துரைமார் தொப்பி இருக்கிறதே, அதன் வடிவம் பிலிப்பைன்ஸ். அங்கே மக்கள் மூங்கில், பிரம்பு, சுரைக்காய் ஓடு இவற்றில் செய்து போடும் வெயில் தொப்பி சலாகோட். ஸ்பெயின் படை அதை எடுத்து ராணுவத் தொப்பி ஆக்கியது. பிரெஞ்சுக்காரர்கள் பார்த்தார்கள், ஆங்கிலேயர்கள் பார்த்தார்கள். இந்தியாவில் அதைச் செய்யச் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடியின் லேசான தண்டு கிடைத்தது. தஞ்சாவூரில் கோயில் பொம்மையெல்லாம் செய்வார்களே, அந்த நெட்டிதான். எடை கிடையாது, வெப்பத்தைக் கடத்தாது. கனமழையில் ஊறினால்தான் பாவம்.

கியூபாவில் ஸ்பெயின் சிப்பாய்க்கு அதுவும் இல்லை, நீலக்கோடு போட்ட பருத்திச் சீருடையும் ஓலைத்தொப்பியும்தான். 1898-ல் அமெரிக்காவிடம் கியூபாவும் பிலிப்பைன்ஸும் போயின.

2024 டிசம்பர் 1

முதன்முதலில் விமானத்திலிருந்து குண்டு போட்டது ஸ்பெயின் என்று யாரோ அடித்துச் சொல்கிறார். இல்லை. 1911 நவம்பரில் இத்தாலியர்கள் லிபியாவில் போட்டார்கள். ஸ்பெயின் 1913 இறுதியில், தெத்துவானிலிருந்து கிளம்பி மொராக்கோ கிராமங்கள்மேல். கீழேயிருந்து துப்பாக்கிச் சூடு வாங்கிக் காயத்தோடு விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்த இரண்டு அதிகாரிகளுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருது கொடுத்தார்கள். கிராமத்தில் செத்தவர்கள் கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. இதில் முதல் இடத்துக்கு என்ன போட்டி?

2024 டிசம்பர் 8

செவில் இஸ்பானோ ஆலைக்கு வருவோம். போருக்குப் பிறகு 109-ஐ வடிவமைத்த மெஸ்ஸர்ஷ்மிட்டே அங்கே வந்து வேலை செய்தார், ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை. 1955-ல் சயேத்தா என்ற ஜெட் பயிற்சி விமானம் பறந்தது. அடுத்து ஒலியைவிட வேகமான போர்விமானம், எச்.ஏ. 300. பாதியிலேயே ஸ்பெயினுக்குச் செலவு கட்டவில்லை, திட்டத்தை எகிப்துக்குக் கொடுத்துவிட்டது. அந்த நாட்டு அதிபர் நாசர் வாங்கிக்கொண்டார்.

1964 மார்ச் 7, ஹெல்வான். அதை முதலில் பறக்கவிட்டவர் இந்திய விமானப்படை சோதனை விமானி கபில் பார்கவா. ஏன் இந்தியர்? எகிப்து செய்துகொண்டிருந்த எஞ்சின் நமக்கும் வேண்டியிருந்தது, பெங்களூரில் ஜெர்மானியர் குர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர்விமானத்துக்கு. ஒரு மாருத் எகிப்துக்குப் போய் அந்த எஞ்சினைச் சுமந்து பறந்தும் பார்த்தது. 1969-ல் எகிப்து எல்லாவற்றையும் நிறுத்தியது. எஞ்சின் வரவில்லை, மாருத் கடைசிவரை பலம் குறைந்த எஞ்சினோடே ஓடியது. செவிலில் தொடங்கியது பெங்களூரைப் பாதித்திருக்கிறது!

2024 டிசம்பர் 15

"ஸ்பெயின் எல்லாம் இரவல்தான்" என்று இந்த இழையைப் படித்து ஒருவர் முடிவுகட்டியிருக்கிறார். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. இரவல் வாங்கியதை அடித்து, ராவி, பிரித்துச் சேர்த்த அதே ஆலைகள்தான் பிறகு சொந்தமாகச் செய்தன. யுங்கர்ஸுக்குப் பதிலாக 1971-ல் காசா 212 பறந்தது. சின்னது, கரடுமுரடான தரையில் இறங்கும், பல நாடுகள் வாங்கின. அடுத்து இந்தோனேசியாவோடு சேர்ந்து 235, அதை நீட்டி சி-295. இந்திய விமானப்படை 2021-ல் 56 சி-295 கேட்டதே, அது இந்த வரிசைதான். பழைய ஆவ்ரோ போக்குவரத்து விமானத்துக்குப் பதிலாக. 16 செவிலில் செய்தவை, 40 வதோதராவில் டாடா ஆலையில். 2024 அக்டோபர் கடைசியில் ஸ்பெயின் பிரதமர் சாஞ்செஸ் வந்து மோடியோடு திறந்துவைத்தது அந்த ஆலையைத்தான்.

2025 ஜனவரி 4

சி-295-க்கு முன்னால் ஸ்பெயின் ராணுவ விமானம் இந்தியாவுக்கு வந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார் ஹெல்மெட் நண்பர். உண்டு, 1926.

எல்கானோ அணி. பிரெகே 19 விமானங்கள் மூன்று, பிரெஞ்சு வடிவம், மாட்ரிட்டிலிருந்து மணிலாவுக்கு. ஏப்ரல் 5 கிளம்பினார்கள். திறந்த காக்பிட், தோல் தொப்பி, கண்ணாடி, அவ்வளவுதான். கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் நடுவே எஸ்தெவேயின் விமானம் பாலைவனத்தில் இறங்கிவிட்டது, ஆங்கிலேய விமானப்படை தேடிக் கண்டுபிடித்தது. மற்ற இருவர், கயார்சாவும் லோரிகாவும், கராச்சி, ஆக்ரா, கல்கத்தா, ரங்கூன் என்று போனார்கள். ஏப்ரல் வெயிலில் ஆக்ரா, அதுவும் கறுப்புத் தோல் தொப்பியோடு. சீனக் கரையில் மக்காவ் நகரத்துக்கு அருகே லோரிகாவின் விமானமும் பழுது. மிச்சம் ஒன்று. கயார்சா தன் மெக்கானிக்கை இறக்கிவிட்டு அந்த இருக்கையில் லோரிகாவை ஏற்றிக்கொண்டார். மே 13 மணிலாவில் இறங்கினார்கள்.

அந்த மெக்கானிக்குகளைப் பற்றி விவரமாக யாரிடமாவது இருந்தால் போடுங்கள். விமானிகளுக்குத் தெருப்பெயர் இருக்கிறது, சிலை இருக்கிறது. மாடல் செய்தால் பின்னிருக்கையில் யாரை வைப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.